கட்டுப் போட்ட காலும் கையை விடாத டாலரும்

கேள்வி: என் வயது 34. மும்பையில் ஒரு வங்கியின் கருவூலப் பிரிவில் அந்நியச் செலாவணி டீலராக இருக்கிறேன். மார்ச் கடைசியில் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இப்போது தருமபுரியில் பெற்றோர் வீட்டில் இருக்கிறேன். ஜூலையில் வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நாளுக்கு மூன்று படம் பார்க்கிறேன். மறுநாள் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. காதில் எந்நேரமும் பாட்டு ஓடுகிறது, ஆனால் கேட்பதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கை தானாகப் போய் டாலர் விலையைப் பார்க்கிறது. இரவு இரண்டு மணி வரை தூக்கமில்லை. தொழில் மறந்துவிடாமல் இருக்க, நண்பர் சொன்ன ஒரு வெளிநாட்டுச் செயலியில் சிறு தொகை போட்டு யூரோ–டாலர் வணிகம் செய்யலாமா? இல்லையென்றால் இந்தக் கோடையை எப்படிக் கழிப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தருமபுரி

பதில்: செயலியை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. வேண்டாம்.

இந்தியாவில் வசிப்பவர் அனுமதி பெற்ற நிறுவனங்கள், அனுமதி பெற்ற சந்தைகள் வழியாக மட்டுமே அந்நியச் செலாவணி வணிகம் செய்யலாம். அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலிருந்து வெளியிட்டு வருகிறது. உங்கள் நண்பரின் செயலி அந்தப் பட்டியலில் இல்லை என்பதால் அனுமதி இருக்கிறது என்று ஆகிவிடாது. பட்டியல் முழுமையானதல்ல என்று ரிசர்வ் வங்கியே சொல்கிறது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். உள்நாட்டுச் சந்தையில் டாலர்–ரூபாய் ஒப்பந்தம் வாங்குவதற்குக்கூட 2024 மே 3 முதல் உண்மையான செலாவணி வரவோ செலவோ பின்னால் இருக்க வேண்டும். உங்களிடம் ஏற்றுமதியும் இல்லை, இறக்குமதியும் இல்லை. உடைந்த கால் ஒன்றுதான் இருக்கிறது. போதாததற்கு நீங்கள் வங்கி டீலர். சொந்தக் கணக்கில் இப்படி விளையாடியது தெரிந்தால் ஜூலையில் திரும்பிப் போக இடம் இருக்குமா என்பதை உங்கள் நியமன ஆவணத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே பணம் போட்டிருந்தால் மேற்கொண்டு ஒரு ரூபாயும் போடாமல், ஒரு பட்டயக் கணக்கரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

இனி உண்மையான நோய்க்கு வருவோம்.

நான் 22 ஆண்டுகள் டீலிங் அறையில் உட்கார்ந்தவன். இப்போது கிருஷ்ணகிரியில் சில மாங்கூழ் ஏற்றுமதியாளர்களுக்குச் செலாவணி ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் விலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பார்ப்பது மட்டுமல்ல. காலை ஒன்பது மணிக்குச் சந்தை திறந்ததும் விலையைப் பார்க்கிறீர்கள். 'இங்கே வாங்கியிருக்கலாம்' என்று மனம் சொல்கிறது. பதினொரு மணிக்கு ஏழு பைசா ஏறியிருக்கிறது. கையில் பத்து லட்சம் டாலர் இருந்ததாக வைத்துக்கொண்டால் 70,000 ரூபாய். அந்த லாபம் உங்களுடையதல்ல, வங்கியுடையதும் அல்ல. ஆனால் அதை விட்டுவிட்ட வலி மட்டும் உங்களுடையதாகிவிடுகிறது. டீலிங் மேசையில் இருந்தபோது பொசிஷனை, அதாவது வாங்கி வைத்ததையோ விற்று வைத்ததையோ, முடித்ததும் நிம்மதி வந்தது. மனத்துக்குள் எடுக்கிற பொசிஷனை முடிக்க வழியே இல்லை. அதனால்தான் படம் ஓடுகிறது, நீங்கள் பார்ப்பதில்லை. நாளெல்லாம் கட்டிலில் படுத்துக்கொண்டே வணிகம் செய்கிறீர்கள்.

தூக்கம் கெடுவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ரூபாய்ச் சந்தை பிற்பகல் மூன்றரைக்கு மூடிவிடும், ஆனால் உலகம் மூடுவதில்லை. கோடையில் அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் நம் நேரப்படி மாலை ஆறு மணிக்கு வரும். லண்டனில் மாலை நான்கு மணிக்கு நிர்ணயிக்கும் விலை நமக்கு இரவு எட்டரைக்கு. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி முடிவு இரவு பதினொன்றரை. நியூயார்க் சந்தை அன்றைய வணிகத்தை முடித்துக்கொள்ளும்போது இங்கே அதிகாலை இரண்டரை. எலும்பு கூட வேண்டிய நேரத்தில் நீங்கள் நியூயார்க்கோடு விழித்திருக்கிறீர்கள்.

'தொழில் மறந்துவிடுமா' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வங்கியின் மனிதவளப் பிரிவு அனுப்பிய ஒரு சுற்றறிக்கையைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் போட்டேன். கருவூலம் போன்ற, தவறு நடக்க இடமுள்ள பணிகளில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒரு முறை, முன்னறிவிப்பு இல்லாமல், தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாட்கள் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2021 ஜூலையில் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். அந்த நாட்களில் அலுவலக மின்னஞ்சல் தவிர வேலை சம்பந்தமான எந்த அமைப்பையும் தொட முடியாது. இப்படி ஒரு விதி எதற்கு? 1995இல் பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கியை நிக் லீசன் என்ற ஒற்றை ஆள் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு 82 கோடி பவுண்டுக்கு மேல் இழக்க வைத்து மூழ்கடித்தார். 2008இல் பிரான்ஸின் சொசைட்டி ஜெனரல் வங்கியில் ஜெரோம் கெர்வியல் என்ற டீலரின் பொசிஷன்களால் 490 கோடி யூரோ போனது. முந்தைய ஆண்டு அவர் விடுப்பே சரியாக எடுக்கவில்லை என்பது பிறகு வெளிவந்தது. மேசையை இன்னொருவர் பார்த்தால்தான் ஒளித்து வைத்தது தெரியும் என்பது விதியின் நோக்கம். ஆனால் டீலர் இல்லாமல் மேசை ஓடும், டீலரும் மேசை இல்லாமல் இருக்க முடியும் என்ற இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. 2025 கணக்குப்படி நாளொன்றுக்கு 9.6 லட்சம் கோடி டாலர் கைமாறும் சந்தை, நீங்கள் மூன்று மாதம் வராததை எந்த ஏட்டிலும் குறித்து வைக்காது.

அவசரப்பட்டுத் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு என் கதை ஒன்று. 2008இல் டைபாய்டு. ரூபாய் 39இலிருந்து 50ஐ நோக்கிச் சரிந்துகொண்டிருந்த வருடம் அது. நான் இல்லாமல் சந்தை தவிக்கிறது என்று எனக்கு நினைப்பு. காய்ச்சல் விட்ட ஐந்தாம் நாள் போய் உட்கார்ந்தேன். பத்து லட்சம் டாலர் விற்க வேண்டிய இடத்தில் 'யுவர்ஸ்' (விற்கிறேன்) என்பதற்குப் பதிலாக 'மைன்' (வாங்குகிறேன்) என்று சொல்லிவிட்டேன். ஒரே சொல்தான். தப்பு விளங்கி அதை விற்று வெளியே வருவதற்குள் பன்னிரண்டு பைசா இறங்கியிருந்தது, 1,20,000 ரூபாய். மேலதிகாரி திட்டவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்து, 'வீட்டுக்குப் போ' என்றார். திட்டியிருக்கலாம்.

சரி, செய்ய வேண்டியவை. விலைச் செயலிகளைக் கைபேசியிலிருந்து எடுத்துவிடுங்கள். மாலை ஆறு மணிக்குமேல் கைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அவர் அதை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைப்பார். நீங்கள் ஊன்றுகோல் எடுத்து நொண்டிக்கொண்டு சமையலறைக்குப் போய் 'டாலர் என்ன ஆச்சு' என்று தேட வெட்கப்படுவீர்கள். அந்த வெட்கம் நல்ல காவல்காரன். டாலர் விலையை மறுநாள் காலை நாளிதழில் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி, விலை, காரணம் என்று ஒரு வரி எழுதுங்கள், அவ்வளவுதான். ஜூலையில் அந்த நோட்டைப் புரட்டினால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தவருக்குத் தெரியாத ஒன்று தெரியும்: பெரும்பாலான நாட்களில் எழுதவே ஒன்றும் இருந்திருக்காது.

மூன்று படம் அதிகம். ஒன்று போதும், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூடத்துத் தொலைக்காட்சியில், அப்பாவோடு. நீங்கள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவர் என்று சந்தேகிக்கிறேன்; இந்தத் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான். சாதாரண வேகத்தில் பாருங்கள். பழைய தமிழ்ப் படம் என்றால் மூன்று மணி நேரம் ஓடும். இடைவேளை வரும் இடத்தில் நீங்களும் நிறுத்தி, காலை நீட்டி, தண்ணீர் குடியுங்கள். படம் பார்த்தோமா இல்லையா என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. இரவு சாப்பிடும்போது அந்தப் படத்தைப் பார்க்காத அம்மாவிடம் கதையைச் சொல்லுங்கள். முதல் வாரம் நடுவில் தடுமாறுவீர்கள்; அப்பா எடுத்துக் கொடுப்பார். தானாகச் சொல்ல வந்துவிட்டது என்றால் மனம் திரும்பி வந்துவிட்டது என்று பொருள். நடுவில் மின்சாரம் போனால் வருத்தப்படாதீர்கள். மீதிக் கதை என்னவாக இருக்கும் என்று இருட்டில் மூன்று பேர் பேசிக்கொண்டிருப்பது சில படங்களைவிட நன்றாகவே இருக்கும்.

இசைக்குக் காதுக்குள் செருகும் கருவி வேண்டாம். பாட்டுக்குப் பாட்டு தாவுவது விலைத்திரையில் ஒரு நாணய ஜோடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதன் தம்பி. வீட்டில் பழைய ரேடியோ இருந்தால் தருமபுரி வானொலியின் பண்பலையை வையுங்கள். அடுத்த பாட்டு எது என்பது உங்கள் கையில் இல்லை என்பதே அதன் மருந்துக் குணம். கவனத்தைக் கூர்மையாக்க வேண்டுமென்றால் இளையராஜாவின் பாட்டு ஒன்றை எடுத்து மூன்று முறை கேளுங்கள். முதல் முறை குரலை மட்டும். இரண்டாம் முறை பாஸ் கிட்டாரை மட்டும். குரலுக்கு அடியில் அது தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். மூன்றாம் முறை வயலின்களை. ஒரு பாட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணியில் டாலர் நினைவுக்கு வந்ததா என்று பாருங்கள்.

காலைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. பயிற்சியை இயன்முறை மருத்துவர் சொன்ன அளவுக்குச் செய்யுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கத்திரி வெயிலில் கேழ்வரகுக் கூழும் மோரும் உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால், அதைச் சோம்பல் என்று நினைத்து மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தொழிலைத் தொடாமல் இருக்கவே முடியாது என்றால் ஒன்று செய்யலாம். ஜூன் மாதம் ஊன்றுகோலோடு காரில் ஏற முடிந்ததும் காவேரிப்பட்டணம் பக்கம் யாராவது மாங்கூழ் ஆலைக்காரரைப் போய்ப் பாருங்கள். நாம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்லும் காய், லாரி லாரியாக வந்து இறங்கும் காலம் அது. அவர் விவசாயிக்கு ரூபாயில் கொடுக்கிறார். டாலர் அவருக்கு மாதங்கள் கழித்து வரும். நடுவில் ரூபாய் வலுத்தால் ஒவ்வொரு பீப்பாயிலும் அவருக்கு அடி. வரப்போகும் டாலரை எப்போது முன்கூட்டியே விற்று வைக்கலாம், எவ்வளவை விற்று வைக்கலாம் என்று அவர் படும் பாட்டை நான் மேசையில் இருந்த 22 ஆண்டுகளில் பார்த்ததே இல்லை. எனக்கு அவர் திரையில் ஓர் எண்ணாகத்தான் இருந்தார். அரை நாள் அவரோடு உட்காருங்கள். ஆலோசனை சொல்லாதீர்கள், கேளுங்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இந்தக் கோடையில் நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் நடக்கும். பகலில் சொற்பொழிவு, இரவில் கூத்து. விடிய விடிய நடக்கும் கூத்து இப்போதைக்கு உங்களுக்கு ஆகாது. பிற்பகல் சொற்பொழிவுக்குப் போகலாம். சூதாட்டம் சொல்லும் நாள் எது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். இழந்ததை மீட்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் பந்தயத்தைக் கூட்டிய ஒருவரின் கதையை ஒரு டீலர் கேட்காமல் விடக்கூடாது. தரையில் உட்காராதீர்கள். சாய்மானம் உள்ள நாற்காலி ஒன்றும், காலை நீட்டி வைக்க ஒரு ஸ்டூலும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். பந்தலில் கிடைக்கும் நாற்காலிகளுக்குப் பெரும்பாலும் ஒரு கால் கோணலாக இருக்கும்.