எம்ஜிபி ஜிடி என்ற பழைய பிரிட்டிஷ் காருக்கு 195/60 ஆர்14 டயர் போடலாமா?

அகலமான டயர் பார்க்க அழகுதான். ஆனால் உங்கள் கம்பிச் சக்கரத்தின் ரிம் அகலம் 4.5 அங்குலம் என்கிறீர்கள். 195 மிமீ அகல டயருக்கு அது போதாது. பக்கச்சுவர் உள்வாங்கி, வளைவில் கார் அலையும்.

காரோடு வந்த பழைய அளவு 165 எஸ்ஆர்14. இதில் உயர விகிதம் (பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது; 195/60-இல் அது 60) எழுதியிருக்காது, சுமார் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். 165-இல் 80% 132 மிமீ. இரண்டு பக்கமும் 264, ரிம் விட்டம் 14 அங்குலம், அதாவது 355.6. மொத்த விட்டம் சுமார் 620 மிமீ. 195/60 போட்டால் 590தான். ஸ்பீடோமீட்டர் ஏறத்தாழ 5% கூட்டிக் காட்டும், எஞ்சினும் கூடுதலாகச் சுற்றும்.

அகலம் வேண்டுமென்றால் 185/70 ஆர்14 வரை போகலாம், விட்டம் 615. பின் மட்கார்டில் உரசுகிறதா என்று ஆள் ஏற்றிப் பாருங்கள். என்னைக் கேட்டால் 165-தான். ஸ்டீயரிங் லேசாக இருக்கும். அப்புறம், கம்பிச் சக்கரத்துக்கு ட்யூப் மறக்காதீர்கள்.