ஏழாம் கம்பெனியைப் பற்றி எதையும் கேளுங்கள் (தஸேன் சண்டையைத் தவிர)

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கத்தில் ஒரு தியேட்டரில் ஆப்பரேட்டருக்கு எடுபிடியாகத் தொடங்கி, கடைசியில் நானே படம் ஓட்டினேன். ‘ஏழாம் கம்பெனி எங்கே போயிற்று?’ என்ற 1973-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. கேள்விகள் வந்தபடியே தருகிறேன்.

ஐயா, படம் பார்க்காதவர்களுக்குக் கதை? இரண்டு வரி போதும். (கத்ர் போர்ன்)

1940 மே மாதம், பிரான்ஸ் தோற்றுக்கொண்டிருக்கிறது. காட்டில் பதுங்கிய ஒரு கம்பெனி, சார்ஜெண்ட் ஷோதாரையும் பிதிவியே, தஸேன் என்ற இரண்டு சோம்பேறிச் சிப்பாய்களையும் டெலிபோன் ஒயர் இழுக்க அனுப்புகிறது. திரும்பிப் பார்த்தால் கம்பெனி மொத்தமும் ஜெர்மன்காரன் கையில். ஷோதார் ஊரில் இரும்புக்கடைக்காரர். அவரைப் போன்ற ஆள்தான் இனி எல்லாரையும் மீட்க வேண்டும்.

உண்மைக் கதையா? (மஹேபூர்)

இல்லை.

ஒரு நாடு தன் தோல்வியைப் பார்த்துச் சிரிப்பது சரியா? பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று யோசிக்கிறேன். (ஓர் ஆசிரியை, வாக்குவா)

நல்ல கேள்வி, டீச்சர். மே 10 அன்று ஜெர்மனி தாக்கியது. ஜூன் 14 அன்று பாரிஸ் போயிற்று, 22 அன்று போர்நிறுத்தம். ஆறே வாரத்தில் சுமார் 18 லட்சம் பிரெஞ்சு வீரர்கள் கைதிகள். அந்தக் கணக்கில் ஒரு கம்பெனி காணாமல் போனதெல்லாம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஒயரைக் கவனியுங்கள். அந்தப் படை டெலிபோனையும் ஓட்டத் தூதர்களையும் நம்பியிருந்த படை. தலைமைத் தளபதி கமலேன் இருந்த வேன்சேன் கோட்டையில் வயர்லெஸ்ஸே கிடையாது. மேலே அப்படி, கீழே மூன்று பேர் ஒயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு புதரில் முனகுகிறார்கள். சிரிக்கிற இடமும் தோற்ற இடமும் ஒன்றுதான். 33 வருஷம் கழித்து, அந்தத் தோல்வியை அனுபவித்தவர்களே டிக்கெட் வாங்கி வந்து சிரித்தார்கள். தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் முதலில் ஒரு வரைபடத்தைக் காட்டிவிட்டுப் படத்தைப் போடுங்கள்.

ஒரே எச்சரிக்கை: போனில் துண்டு துண்டாகப் பார்க்க விடாதீர்கள். “வழுக்கிட்டேன் செஃப்!” (செஃப் என்றால் தலைவர், இங்கே ஷோதார்) என்ற வரியை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் செஃப் எத்தனை தரம் ‘ஜாக்கிரதை’ என்றார் என்பதில்தான் சிரிப்பு.

ஏரியில் ஷோதார் ‘இந்திய நீச்சல்’ என்று நீந்திக் காட்டுகிறாரே, நம்மைக் கிண்டல் செய்கிறாரா? (பூ பாசேன்)

ஒருக்களித்து நீந்துவதற்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். கோபத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

தொன்தொன் (மாமா), மூன்று படத்தையும் எந்த வரிசையில் பார்ப்பது? (கியூர்பீப்)

1973, 1975, 1977. வந்த வரிசையிலேயே பார். நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு சனிக்கிழமை மாலை முதல் படத்தின் மூன்றாவது பிலிம் சுருளையும் நான்காவது சுருளையும் மாற்றி ஏற்றிவிட்டேன். கம்பெனி பிடிபட்ட கையோடு விடுதலையாகிவிட்டது, அப்புறம் மறுபடி தேட ஆரம்பித்தார்கள். பால்கனியில் ஒருவர்கூடக் கத்தவில்லை. இடைவேளையில் கத்தோ பிமா (மிளகாய் வடை) விற்கிற அம்மாதான் வந்து, “தம்பி, வண்டியைத் திருடாமலே எப்படி ஓட்டுகிறார்கள்?” என்று கேட்டார்.

இது நிஜமாக நடந்த கதைதானே? (ரிவியேர் துய் ரம்பார்)

மேலே மஹேபூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

தஸேனாக நடித்தவர் இரண்டாம் படத்தில் மாறிவிட்டாரே, கவனித்தீர்களா? (ஃபிளாக்)

கவனித்தேன். முதல் படத்தில் இத்தாலிக்காரர் அல்டோ மச்சியோனே, அடுத்த இரண்டில் ஆன்ரி கிபே. இதோடு நிறுத்திக்கொள்வோம்.

மச்சியோனேதான் அசல் தஸேன். கிபே வெறும் நிரப்பு. (ஃபிளாக், மறுபடியும்)

மன்னிக்க வேண்டும், கிபே இரண்டு படம் சுமந்தவர். (போர்ட் லூயி)

நடையைப் பாருங்கள் அண்ணா, மச்சியோனே நடந்தாலே சிரிப்பு! (ஃபிளாக்)

தெரிந்தேதான் தலைப்பில் எழுதினேன். சரி. மச்சியோனே திரைக்குள் வந்ததும் நம் கண் அவரோடு போய்விடும், அதுதான் குறை. இது மூன்று பேர் கதை. பியேர் மோந்தி 1960-இல் நெப்போலியனாகவே நடித்தவர். இங்கே இரும்புக்கடைச் சார்ஜெண்டாக அந்த அதிகாரத் தோரணையை அப்படியே வைத்துக்கொண்டு, கீழ்ப்படிய ஆளில்லாமல் தவிக்கிறார். பிதிவியேயாக வரும் ழான் லெஃபேவ்ர் நனைந்த நாய்க்குட்டி மாதிரி விழிப்பார். இவர்கள் நடுவில் மூன்றாமவன் சற்று அடங்கியிருக்க வேண்டும். கிபே அடங்கினார். நான் கிபே கட்சி. ஃபிளாக்காரர் இனி எழுத வேண்டாம்.

என் தாத்தாவும் அந்தப் போரில் இருந்தார் என்பார்கள். நம்மவர்கள் சண்டை போட்டார்களா? (திரியோலே)

துப்பாக்கி தூக்கியவர்களைவிட மண்வெட்டி தூக்கியவர்கள் அதிகம். பிரிட்டிஷ் ராணுவத்தின் வேலைப்படையான பயனியர் கோரில் சேர்ந்த மொரீஷியஸ்காரர்கள் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சாலை போட்டார்கள், சரக்கு இறக்கினார்கள். கரும்புத் தோட்டத்திலிருந்து நேரே அங்கே போனவர்களும் உண்டு. மொரீஷியஸ் ரெஜிமென்ட் 1943-இல் மடகாஸ்கரின் தியேகோ சுவாரெஸுக்குப் போனது. அந்த டிசம்பரிலேயே வீரர்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுத்தார்கள். அதை யாராவது சிரிப்புப் படமாக எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு. வீட்டில் சம்பளப் புத்தகமோ பதக்கமோ இருந்தால் பித்தளைப் பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், எழுத்து அழிந்துவிடும்.

உண்மைக் கதையா என்று யாராவது கேட்டாச்சா? (மோக்கா)

கேட்டாச்சு, கேட்டாச்சு.

மச்சியோனே. (ஃபிளாக்)

விளக்கை அணைக்கிறேன்.