வாண்டில் ஆற்றங்கரையில் - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் தென்மேற்கு லண்டனில் காலியர்ஸ் வுட் பகுதிக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சொந்த ஊர் கடலூர். வரும் ஜூனில் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக இங்கே வருகிறார்கள். லண்டன் டவர், அரண்மனை, அருங்காட்சியகங்கள் எல்லாம் ஒரு வாரத்தில் காட்டி முடித்துவிடலாம். மிச்சம் இரண்டரை மாதம் இந்தப் பகுதியில்தான் இருக்க வேண்டும். இங்கே ஒன்றுமே இல்லை. ஒரு உயரமான கட்டடம், பெரிய சூப்பர் மார்க்கெட், அதன் கார் நிறுத்துமிடம், நெரிசலான ஹை ஸ்ட்ரீட். துணி வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் நீர்ச்சக்கரம் ஒன்று இருக்கிறது, பத்து நிமிடம் பார்க்கலாம். எங்கள் ஊரிலாவது கோட்டை இருக்கிறது, பாடலீஸ்வரர் கோயில் இருக்கிறது. சரித்திரமே இல்லாத இடத்தில் பிள்ளைகளை வளர்க்கிறோமே என்று சில நாள் வருத்தமாக இருக்கிறது. வயதானவர்களுக்குக் காட்ட இந்தப் பக்கம் ஏதாவது உண்டா? விம்பிள்டன் பக்கம் வீடு மாறிவிடலாமா என்றும் யோசிக்கிறோம். (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள அம்மா,

அந்தச் சக்கரம் மாரிஸுடையது அல்ல. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றது. நீங்கள் பார்த்த சக்கரம் லிபர்ட்டி கம்பெனியின் துணி அச்சகத்தில் ஓடியது. பட்டுத் துணியை அலசும் உருளைகளைச் சுற்றியது அது. மாரிஸின் பட்டறை அதே வாண்டில் ஆற்றில் கொஞ்சம் கீழே, ஹை ஸ்ட்ரீட்டை ஒட்டி இருந்தது. 1940-ல் மூடினார்கள், இன்று அந்தக் கட்டடங்கள் இல்லை. ஒன்பது ஆண்டுகளாகப் பக்கத்தில் இருக்கிறவர் இதைத் தப்பாக எழுதலாமா? வருகிறவர்களுக்கும் இதைத்தானே சொல்வீர்கள்.

வீடு மாறுவது உங்கள் குடும்ப விஷயம், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. அந்த உயரக் கட்டடத்தைப் பற்றியும் பேச வேண்டாம். லண்டனிலேயே அசிங்கமான கட்டடம் என்று வாக்கெடுப்பில் பெயர் வாங்கி, பிறகு புதுச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறது. நிற்கட்டும்.

ஆனால் 'சரித்திரமே இல்லாத இடம்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நீங்கள் பால் வாங்கப் போகும் அந்த சூப்பர் மார்க்கெட் நிற்பது மெர்ட்டன் மடத்தின் மண்ணில். 1117-ல் அகஸ்தினியத் துறவிகள் அந்த ஆற்றங்கரைக்கு வந்தார்கள். பிற்காலத்தில் கேன்டர்பரி பேராலயத்தில் வெட்டிக் கொல்லப்பட்ட தாமஸ் பெக்கெட் சிறுவனாகப் படித்தது அங்கே. 1236-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அங்கே கூடி, நாட்டின் சட்டத்தை மாற்ற மாட்டோம் என்று கிறிஸ்தவ ஆயர்களிடம் மறுத்தார்கள். 1538-ல் எட்டாம் ஹென்றி மடத்தை இடித்து, கல்லை வண்டிகளில் ஏற்றி நான்சச் அரண்மனை கட்டப் போனான். அந்த அரண்மனையும் நூற்றைம்பது ஆண்டுகூட நிற்கவில்லை. மடத்துச் சபைக்கூடத்தின் அடித்தளம் மட்டும் மெரன்ட்டன் வே சாலைக்கு அடியில், கான்கிரீட் அறைக்குள் பத்திரமாக இருக்கிறது. மேலே லாரிகள் போகின்றன. பார்வைக்குத் திறக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு அப்பாவைக் கூட்டிப்போங்கள்.

கடற்படைத் தளபதி நெல்சன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1801-ல் அங்கே வீடு வாங்கினார், 1805 செப்டம்பரில் அந்த வீட்டிலிருந்து கிளம்பித்தான் டிரஃபால்கர் கடற்போருக்குப் போனார், உயிரோடு திரும்பவில்லை. அவர் கப்பல் தலைவன் ஹார்டி, காதலி ஹாமில்டன், கப்பல் விக்டரி என்று தெருப்பெயர்களாக மிஞ்சியிருக்கிறார். சரி, போகட்டும்.

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் நான் அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தேன். அடியில் சாயக்கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு வரியிலும் இத்தனை பவுண்டு நூலுக்கு இத்தனை சாயம், இத்தனை காரம் என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் அந்த நிறத்து நூலை விரல்கடை நீளத்துக்கு வெட்டிப் பசைபோட்டு ஒட்டியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. சிவப்பு மங்கிவிட்டது. நீலம் அப்படியே இருக்கிறது.

அப்பா கைத்தறி நெசவாளர்களுக்கு நூல் சாயம் போட்டுக் கொடுத்தவர். நீலத் தொட்டியில் முக்கிய நூல் சிட்டம் வெளியே வரும்போது நீலமாக இருக்காது. மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு நிறத்தில் சொட்டச்சொட்ட வரும். மூங்கில் கழியில் மாட்டி ஓங்கி உதறுவார். காற்றுப்பட்டதும் கண்முன்னால் பச்சையாகி, பச்சைக்குள்ளிருந்து நீலம் ஏறும். "பாத்துக்கிட்டே இரு, கண்ண மூடாதே" என்பார். அவர் நகக்கண்ணில் நீலம் போனதே இல்லை. சாப்பிடும்போது சோற்றுக்குள் அந்த நீல விரல்களைப் பார்த்து நான் பள்ளிக்கூட நண்பர்களை வீட்டுக்கு அழைக்காமல் இருந்திருக்கிறேன். அந்த வெட்கத்துக்காக இன்றுவரை வருந்துகிறேன்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? உங்கள் பக்கத்து ஊரான மிச்சம் (Mitcham) பகுதியில் அக்கா வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது தினமும் வாண்டில் கரையில் நடப்பேன். மாரிஸும் கையை நனைத்த சாயக்காரர் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. பணக்கார வீட்டுப் பிள்ளை, பெயர்பெற்ற கவிஞர். சாயத்தொழில் கற்க லீக் நகரத்தில் தாமஸ் வார்டிலின் பட்டறைக்குப் போய், கை நீலமாகத் திரிந்தார். 1881-ல் நாற்பத்தேழாம் வயதில் மெர்ட்டனில் ஏழு ஏக்கர் இடத்தைப் பிடித்ததும் தண்ணீரை நம்பித்தான். வாண்டில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வரும் ஆறு. அந்தத் தண்ணீரில் மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பு நன்றாகப் பிடிக்கும்.

அவர் செய்த முறையைக் கேளுங்கள். துணி முழுவதையும் அவுரி நீலத்தில் முக்கி எடுப்பது. பிறகு நீலம் வேண்டாத இடங்களில் வெளுப்பு மருந்தை மர அச்சால் ஒற்றி நீலத்தை எடுப்பது. அப்புறம் வெளுத்த இடங்களில் சிவப்பும் மஞ்சளும் ஏற்றுவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஆற்றில் அலசல். 1883-ல் வந்த 'ஸ்ட்ராபெரி திருடன்' இப்படித்தான் பிறந்தது. பழம் திருட வரும் பறவைகள் கொண்ட அந்தத் துணியை அச்சிட்டு முடிக்கப் பல நாட்கள் பிடிக்கும், விலையும் அதிகம்.

இந்தத் துணிக்கு அவர்கள் வைத்த பெயர் சின்ட்ஸ். நம் வீடுகளில் சீட்டித்துணி என்போமே, அதேதான்! உங்கள் கடலூரில் இருக்கும் கோட்டையை ஆங்கிலேயர் 1690-ல் வாங்கினார்கள். எதற்கு? முக்கியமாகத் துணிக்காக. சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய துணி கப்பல் கப்பலாக லண்டன் போனது. அங்கே உள்ளூர் நெசவாளர்கள் கொந்தளித்ததால், அச்சிட்ட இந்தியத் துணியின் இறக்குமதியை 1700-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதற்கே தடை. ஆனால் ஆசை அடங்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் இந்த வாண்டில் கரை நெடுக அச்சுப் பட்டறைகள் வளர்ந்தன. கடலூர்க்காரரான நீங்கள் அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து, எங்கள் ஊரிலாவது கோட்டை இருக்கிறது என்று எனக்கு எழுதுகிறீர்கள்!

கல்லும் கோபுரமும் இருந்தால்தான் சரித்திரம் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சாயக்காரன் வேலை அலசின தண்ணீரோடு போய்விடுகிறது. அதனால் அவன் இல்லாமல் போய்விடுவானா? என் அப்பா இல்லாமல் போய்விடுவாரா?

சாயக்காரன் மகன், அதனால் இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். ஆலைகள் சேர்ந்து அந்த ஆற்றைக் கொன்றன. 1960-களில் அதைத் திறந்த சாக்கடை என்றே சொன்னார்கள். பிறகு மக்கள் இறங்கிச் சுத்தம் செய்து மீன் விட்டார்கள். 2007-ல் கழிவுநீர் நிலையம் ஒன்றிலிருந்து வெளுப்பு மருந்து கலந்து ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இன்று ட்ரவுட் மீன் நீந்துகிறது. நொய்யலை நினைத்துக்கொண்டுதான் அந்தப் பாலத்தில் நின்றேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரியவர்களால் நிறைய நடக்க முடியாது என்றால் ட்ராமில் ஏற்றுங்கள். விம்பிள்டனிலிருந்து மிச்சம் வழியாக க்ராய்டன் போகும் பாதையில் ஒரு பகுதி, 1803-ல் குதிரைகள் இழுத்த சர்ரே இரும்புப் பாதையின் தடம். டூட்டிங்கில் 1931-ல் கட்டிய கிரனாடா தியேட்டரைப் பிற்காலத்தில் பிங்கோ என்ற எண் விளையாட்டு ஆடுகிற கூடமாக்கினார்கள். உள்ளே தேவாலயம் போல இருக்கும், எட்டிப்பாருங்கள்.

ஆனால் முதல் நாள் காலையில் ஆற்றுக்குப் போங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் சாயம் கலக்கிய பழைய வீடு இருக்கிறது, இப்போது குழந்தைகளுக்கான நாடகம் போடுகிறார்கள். அதன் சுவரில் சிக்கிமுக்கிக் கல் சில்லுகளுக்கு நடுவே கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பெஞ்சில் உட்காரவைத்து, சின்ன வயதில் சீட்டிப் பாவாடை கட்டியதுண்டா, என்ன நிறம், என்ன பூ என்று அம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதி அனுப்புங்கள்.