மரத்தின் மேல் வைத்து அறுக்க எந்த செயின்சா வாங்கலாம்?

மரம் ஏறிக் கிளை கழிக்கும் தொழிலைத் தொடங்கப்போவதாகவும், ஒற்றைக் கையால் பிடித்து அறுக்கக்கூடிய சிறிய செயின்சா எது நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் பன்னிரண்டு ஆண்டுகளாக இதே வேலையில் இருப்பதால் பதில் எழுதுகிறேன். வாங்கும் முன்பே அந்த ‘ஒற்றைக் கை’ எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்கும் சிறிய செயின்சாவுக்கு மேல்கைப்பிடி ரம்பம் என்று பெயர். அது நெருக்கமான கிளைகளுக்கு நடுவே, உடம்பை ஒட்டிப் பிடித்து வேலை செய்வதற்காக வந்தது. பிடி எந்திரத்தின் தலைமேல் இருப்பதால் ஒரு கையால் எளிதாகத் தூக்கிவிடலாம். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு பிடிகளும் அருகருகே இருப்பதால், ரம்பம் எகிறினால் அதை அடக்கும் வலு நமக்குக் குறைவு. பின்கைப்பிடி ரம்பத்தில் கைகள் அகன்றிருப்பதால் அந்தப் பிடிமானம் கூடுதல்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், தூங்குமூஞ்சி மரம் ஒன்றின் படர்ந்த கிளையில் நின்றுகொண்டு, இடக்கையால் சிறு கொம்பைப் பிடித்தபடி வலக்கையால் அறுத்தேன். பாரின் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டின்) நுனி பின்னால் மறைந்திருந்த ஒரு கிளைக்கட்டையில் பட்டது. கண் இமைக்கும் நேரத்தில் ரம்பம் என் இடது முன்கைக்கு வந்துவிட்டது. ஒன்பது தையல். முன்பிடியில் இடக்கை இருந்திருந்தால் மணிக்கட்டு முன்பிடிக்கு முன்னால் உள்ள தடுப்பில் மோதி, செயினை நிறுத்தும் செயின் பிரேக் விழுந்திருக்கும். அங்கே கையே இல்லாதபோது, எகிறும் வேகத்தால் தானாக விழுந்தால்தான் உண்டு. கொம்பைப் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் இடுப்பில் தொங்கும் கைரம்பத்தை எடுங்கள். பெருவிரல் பருமனுள்ள கிளைகளுக்கெல்லாம் எஞ்சினைக் கிளப்ப வேண்டியதே இல்லை.

இனி எந்திரங்களுக்கு வருகிறேன். எங்கள் குழுவில் அதிகம் உழைத்தவை மூன்று.

ஸ்டில் எம்.எஸ். 201 டி.சி.-எம் பெட்ரோலில் ஓடுவது. 35.2 சி.சி., 1.8 கிலோவாட், பார், செயின், எரிபொருள் சேர்க்காமல் 3.7 கிலோ. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை எலக்ட்ரானிக் முறையில் தானே சரிசெய்துகொள்ளும். உச்சியை வெட்டி இறக்கிவிட்டு, அடிமரத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி இறக்கும் வேலைக்கு இதற்கு நிகராக நான் எதையும் பிடித்ததில்லை. ஆப்பிரிக்க மகோகனி போன்ற கெட்டி மரத்திலும் திணறாது. ஆனால் கிளை கழிப்பது என்றால் ஒரு வெட்டு, பிறகு ஐந்து நிமிடம் நகர்வு, மறுபடி ஒரு வெட்டு என்றுதான் நாள் ஓடும். அதற்கு இந்தக் கனம் வீண். பிற்பகல் மூன்று மணிக்குத் தோள் சொல்லிவிடும்.

எக்கோ சி.எஸ்-2511 25 சி.சி., 2.3 கிலோ. பெட்ரோல் ரம்பத்தில் இவ்வளவு லேசாக இருப்பது கையில் எடுத்தவுடன் வியப்பைத் தரும். கை பருமனிலிருந்து தொடை பருமன் வரை அழகாக அறுக்கும். அதற்கு மேல் போனால் பொறுமை வேண்டும். அழுத்தித் தள்ளினால் வேகம் விழுந்துவிடும்.

மூன்றாவது, பேட்டரியில் ஓடும் ஸ்டில் எம்.எஸ்.ஏ. 161 டி. பேட்டரி இல்லாமல் 2.1 கிலோ, நடுத்தரப் பேட்டரியைச் செருகினால் மூன்றரைக் கிலோவை நெருங்கும். காகிதத்தில் ஒப்பிட்டால் எக்கோவிடம் தோற்றுப்போகும். ஆனாலும் கிளை கழிக்க என் கை தேடிப் போவது இதைத்தான். பெட்ரோல் ரம்பத்தைக் கயிற்றில் தொங்கிக்கொண்டே இழுத்துக் கிளப்ப வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது சில நேரம் முரண்டு பிடிக்கும். அந்த அலுப்பில் பலர் அதை அணைக்காமல், ஓடவிட்டே இடுப்பில் மாட்டிக்கொண்டு நகர்வார்கள். பேட்டரி ரம்பத்தில் விசையை விட்டால் செயின் நிற்கிறது, ஓசையும் நிற்கிறது. கீழே கயிறு பிடிக்கும் தோழர் “அண்ணே, ஆள் வருது, நிறுத்துங்க!” என்று கத்தினால் காதில் விழுகிறது. அந்த ஒரு குரலுக்காகவே இதற்குக் கூடுதல் விலை கொடுப்பேன். குறை, நாள் முழுக்க ஓட்ட மாற்றுப் பேட்டரிகள் வேண்டும். அவற்றின் விலை ரம்பத்தின் விலையோடு போட்டி போடும். சத்தமில்லை என்பதற்காக அசட்டையாகவும் இருக்கக் கூடாது. நகரும்போது செயின் பிரேக்கைப் போட்டே ஆக வேண்டும்.

ஆகவே, வாங்கப்போவது ஒன்றுதான், வேலை பெரும்பாலும் வீட்டுத் தோட்டங்களிலும் சாலையோர மரங்களிலும் என்றால் பேட்டரி வாங்குங்கள். முழு மரத்தையும் கழற்றி இறக்கும் வேலை வாரத்துக்கு இரண்டு வந்தால் 201. தென்னை அதிகம் என்றால் எதை வாங்கினாலும் கூடுதலாக நான்கைந்து செயின் வைத்துக்கொள்ளுங்கள். அதன் நார் கூர்மையை அவ்வளவு விரைவில் தின்றுவிடும். பழுது பார்க்கும் கடை உங்கள் ஊருக்கு அருகில் எந்த நிறுவனத்துக்கு இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். உதிரிப்பாகம் வர ஒரு மாதம் ஆகும் எந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

ரம்பத்துக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை இடுப்புக் கயிற்றுக்கு, அதாவது மரத்தைச் சுற்றிப் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கயிற்றுக்கு, எடுத்துவையுங்கள். அறுக்கும்போது ஏறுகயிறு ஒன்று, இடுப்புக் கயிறு ஒன்று என இரண்டில் கட்டுண்டிருக்க வேண்டும். உள்ளே எஃகுக் கம்பி ஓடும் இடுப்புக் கயிறு, செயின் பட்டால் சட்டென்று அறுந்துவிடாது. கம்பி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மின்கம்பி அருகே அதைக் கொண்டுபோகாதீர்கள்.

செயினைக் கூர்தீட்ட அரம் வாங்கும்போது ஒரு கவனம். 201-இன் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம். 161-இன் செயின் பல் சிறியது, அதற்கு 3.2 மில்லிமீட்டர். ஒன்றுக்கு உரியதை மற்றதில் போட்டு இரண்டு புதுச் செயின்களை எங்கள் குழுவில் ஒரே நாளில் பாழாக்கியிருக்கிறோம். அரத்தின் பிடியில் வண்ண நாடா சுற்றி வைத்த பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது.