வரி நீங்கியும் மிளகு தேங்குவது ஏன்?

கேள்வி: இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் இங்கிருந்து மிளகு அனுப்புகிறவர்களின் குறை தீரவில்லை. வரி இல்லாத இடத்தில் தடை எங்கிருந்து வருகிறது?
– ஒரு வாசகர், மாத்தளை

பதில்: 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் சுங்க வரியைப் பற்றியே பேசுகிறது. சரக்கு எல்லையைக் கடப்பதற்குச் சுங்க வரி தவிர வேறு பல வாசல்கள் உண்டு. அவற்றின் சாவி இரு அரசுகளின் கையிலேயே இருந்துவிட்டது.

முதல் வாசல் அளவு. பொதுவாக மிளகுக்கு 70 சதவீத இறக்குமதி வரி விதிக்கும் இந்தியா, இந்த ஒப்பந்தத்தின்கீழ் இலங்கை மிளகை வரியின்றி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஆண்டுக்கு 2,500 டன் வரை மட்டுமே. அதற்கு மேல் வரும் மிளகு தெற்காசியத் தடையற்ற வர்த்தகப் பகுதி ஒப்பந்தத்தின் வழியாக 8 சதவீத வரி செலுத்தி வரலாம் என்பதால், ஒதுக்கீட்டளவு அவ்வளவு பெரிய இடையூறு அல்ல என்றே சொல்ல வேண்டும்.

உண்மையான அடி 2017 டிசம்பரில் விழுந்தது. கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்துக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று இந்தியா ஒரு குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது. 2018இல் அதற்குக் குறைந்த விலையில் வரும் மிளகின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். மிளகு கிலோ 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 70 சதவீத வரி கட்டுகிறவருக்கு அதன் அடக்கம் 680 ரூபாய், வரிவிலக்குப் பெறும் இலங்கை மிளகுக்கு 400 ரூபாய். இந்த 280 ரூபாய் இடைவெளிதான் ஒப்பந்தம் தந்த சலுகை. அந்த மிளகை 500 ரூபாய்க்குக் குறைத்து உள்ளே விடமாட்டோம் என்று சொல்லும்போது, ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் சலுகையில் 100 ரூபாயைப் பறித்துவிட முடிகிறது. உள்நாட்டு விலையும் 500 ரூபாய்க்குக் கீழே இருந்த நாட்களில், மலிவாக விற்கும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று. இலங்கை மிளகில் காரம் தரும் பைப்பரின் அதிகம் என்பதால் கேரளத்தின் சாறெடுக்கும் ஆலைகள் அதை விரும்பி வாங்குபவை. முழுவதும் ஏற்றுமதிக்கென இயங்கும் அத்தகைய ஆலைகளுக்குப் பின்னர் விலக்குத் தரப்பட்டது.

உலக வர்த்தக அமைப்பின் வேளாண்மை ஒப்பந்தம், உறுப்பு நாடுகள் கைக்கொள்ளக் கூடாத நடவடிக்கைகளில் குறைந்தபட்ச இறக்குமதி விலையையும் நான்காம் பிரிவின் அடிக்குறிப்பில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

கேள்வி: இலங்கை மிளகு என்ற பெயரில் வியட்நாம் மிளகு வந்து எங்கள் விலையைக் கெடுத்தது. அரசு தலையிட்டதில் என்ன தவறு?
– ஒரு மிளகு விவசாயி, கொல்லிமலை

பதில்: தலையிட்டதில் தவறில்லை, தேர்ந்தெடுத்த கருவிதான் பொருத்தமற்றது. வியட்நாம் மிளகுக்கு, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் இந்தியா செய்த ஒப்பந்தத்தின்கீழும் கணிசமான வரி உண்டு என்பதால், அதைக் கொழும்பில் இறக்கி, இலங்கை மிளகோடு கலந்து அனுப்ப ஆசைப்படும் வியாபாரிகள் இருக்கவே செய்வார்கள். இதைத் தடுக்கத்தான் ஒப்பந்தத்தில் பிறப்பிட விதிகள் உள்ளன. வெளிநாட்டு மூலப்பொருளைக் கொண்டு செய்த பண்டத்தில் குறைந்தது 35 சதவீத மதிப்பு இலங்கையில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மிளகு போன்ற விளைபொருள் அந்த மண்ணிலேயே விளைந்திருக்க வேண்டும். அதற்கான சான்றிதழைக் கொழும்பிலுள்ள வர்த்தகத் திணைக்களம் வழங்குகிறது.

ஐயம் எழுந்தால் அந்தச் சான்றிதழையும் அதன் பின்னுள்ள கொள்முதல் கணக்கையும் துருவிப் பார்ப்பதே நேரான வழி. விலைத்தடையோ கலப்படம் செய்தவரையும் செய்யாதவரையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. போதாக்குறைக்கு, விலைப்பட்டியலில் 500 ரூபாய் என்று எழுதிவிட்டு வித்தியாசத்தை வேறு வழியில் திருப்பித் தருகிறார்கள் என்று இந்தியத் தோட்டக்காரர்கள் தரப்பிலிருந்தே புகார் எழுந்தது. அப்படியானால் விதியை மதித்த சிறு ஏற்றுமதியாளருக்குத்தான் நட்டம். உங்களுக்கும் அதனால் பாதுகாப்புக் கிட்டவில்லை.

இலங்கையும் இதில் சளைத்ததல்ல. ஒப்பந்தம் செய்தபோதே 1,180 பண்டங்களை விலக்குப் பட்டியலில் வைத்துக்கொண்டது. சுங்க வரி நீங்கிய இந்தியப் பொருள்கள் சிலவற்றின் மீதும் செஸ், துறைமுக விமான நிலைய வரி என்று வேறு பெயர்களில் வசூலித்தது.

கேள்வி: வளர்ந்த நாடுகளுடன் செய்யும் ஒப்பந்தங்களில் இந்தத் தொல்லை இராது அல்லவா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அங்கே தடை விலையாக வராமல் ஆய்வகத்திலிருந்து வரும். ஜப்பானுடனான ஒப்பந்தம் 2011 ஆகஸ்டு 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, மீன் தீவனம் கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் எத்தாக்ஸிக்வின் என்ற பொருள் இந்திய இறாலில் பத்து லட்சத்தில் 0.01 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஜப்பான் சோதிக்கத் தொடங்கியது. ஏற்றுமதியாளர்கள் திணறிப் போனார்கள். 2014இல் அந்த வரம்பு 0.2 ஆக உயர்த்தப்பட்டது. முன்னதைவிட அது இருபது மடங்கு. முதல் வரம்பு உண்பவரின் நலனுக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பதை இந்த எண்களிலிருந்தே நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.