ஸ்கிட் பிளேட்டுக்குள் இறுகும் சேறு

கேள்வி: வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பணியாற்றுகிறேன். எங்கள் மகிந்திரா தார் வண்டியின் அடிப்பாகத்தில் பாறை இடிக்காமல் இருக்க, 4 மி.மீ. இரும்புத் தகட்டில் ஸ்கிட் பிளேட் செய்து பொருத்தியிருக்கிறோம். மழைக்காலத்தில் அதற்குள் சேறு புகுந்து இறுகிவிடுகிறது. வாட்டர் சர்வீஸுக்கு விட்டாலும் முழுதாக வருவதில்லை. தகட்டில் வரிசையாகத் துளை போட்டால் போதுமா?

பதில்: துளை உதவும்; ஆனால் துளை மட்டும் போதாது. மழைக்காலம் முடிந்து அத்தகைய தகடு ஒன்றைக் கழற்றியபோது உள்ளே கண்டதைச் சொல்கிறேன். கியர் பாக்ஸின் விலா எலும்பு போன்ற வரிகள் அச்சு வார்த்ததுபோல் சேற்றில் பதிந்திருந்தன. மேல்பரப்பு ஓடுபோல் காய்ந்திருக்க, விரலால் குத்திப் பார்த்தால் உள்ளே இன்னும் ஈரம். அந்த ஈரம்தான் சேஸிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டகத்தின், குறுக்குச் சட்டங்களை மாதக்கணக்கில் நனைத்து வைத்துத் துருவேற்றுகிறது. எடையும் குறைவன்று: உங்கள் தகடு ஒரு மீட்டர் நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ளதென்றால் ஏறத்தாழ 19 கிலோ இருக்கும். அதில் பாதிப் பரப்பில் 5 செ.மீ. கனத்துக்குச் சேறு படிந்தாலே தகட்டின் எடையை அது மிஞ்சிவிடும்.

எனவே முதலில் தகடு எளிதாக இறங்குவதற்கு வழி செய்யுங்கள். முன்பக்கம் குறுக்குச் சட்டத்தை ஒட்டித் தடித்த கீல்கள் இரண்டையும், பின்பக்கமும் ஓரங்களிலும் போல்ட்டுகளையும் வைத்தால், தகட்டை ஜாக்கியால் தாங்கிப் பிடித்துக்கொண்டு போல்ட்டுகளைக் கழற்றியதும் பின்முனை மெல்லக் கீழே சரியும். ஒரு சாண் இறங்கினாலே போதும், மேலிருந்து தண்ணீர் விட்டால் சேறு சரிவில் வழுக்கிப் பின்னால் விழுந்துவிடும். தகட்டின் பின்விளிம்பை மேல்நோக்கி மடித்திருந்தால் அந்த மடிப்பே அணைபோல் சேற்றைத் தடுத்து நிறுத்தும். கட்டாயம் வெட்டி எடுத்துவிடுங்கள். கீலும் தாங்குசட்டங்களும் வண்டியில் ஏற்கெனவே உள்ள துளைகளில்தான் பொருந்த வேண்டும். சேஸிஸில் புதிதாகத் துளையிட ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

போல்ட் தலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தகட்டைக் கழற்றாமலே விட்டுவிடுவதற்குக் காரணம் அதுதான். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அறுகோணத் தலையைக் கல் தேய்த்து உருண்டையாக்கிவிட்டால் ஸ்பேனர் பிடிக்காது. என் வண்டியில் அப்படித் தேய்ந்த இரண்டு போல்ட்டுகளைக் கடைசியில் கேஸ் வைத்து அறுக்க வேண்டியதாயிற்று. தலை உள்ளடங்கும்படி கிண்ணம் போன்ற வாஷர் வைத்து, மரையில் செம்பு கிரீஸ் பூசி மாட்டினால் அந்தத் தொல்லை இராது.

அடுத்தது துளைகள். வண்டி முன்னேறும்போது பாறை தகட்டின் அடியில் பின்னோக்கி உராய்ந்து செல்வதால், குறுக்கே வெட்டிய நீள்துளையின் பின்விளிம்பில் அது கொக்கிபோல் மாட்டும். ஆகவே நீள்துளை வேண்டுமென்றால் வண்டியின் நீளவாக்கிலேயே வெட்டுங்கள். குழாயின் முனை நுழையும்படி 40 மி.மீ. அளவில் சில துளைகள் போதும். அவற்றின் விளிம்பை உட்புறமாக, அதாவது மேல்நோக்கி, அழுத்தி மடித்தால் கல் மாட்டாது, தகடும் விறைப்பாகும். ஆனால் மடித்த விளிம்பு வரம்புபோல் நின்று சிறிதளவு நீரைத் தேக்கி வைக்கும் என்பதால், தகட்டின் மிகத் தாழ்வான இடங்களில் மடிப்பில்லாத 12 மி.மீ. வடிகால் துளைகளையும் தனியாகப் போட வேண்டும். எஞ்சின் ஆயில் வடிக்கும் பிளக்கின் நேர்கீழே ஒரு பெருந்துளை அமைந்தால் ஆயில் மாற்றும்போதும் பயன்படும். போல்ட் துளைகளை ஒட்டி மட்டும் எதையும் வெட்டாதீர்கள். அடி விழும்போது பாரம் முழுதும் அங்கேதான் சேர்கிறது.

கழுவுவதற்கும் ஒரு முறை உண்டு. சேறு காய்வதற்கு முன், முன்சக்கரங்களைச் சற்று மேட்டில் ஏற்றி நிறுத்தி, பிரஷர் இல்லாத சாதாரணக் குழாயில் நிறையத் தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். பிரஷர் வாஷரின் நீரை ஆயில் சீல், சக்கர பேரிங், அச்சின் காற்றுப்போக்கி ஆகியவற்றின் மேல் நேராகப் பாய்ச்சினால் அது உள்ளேயே புகுந்துவிடும். கழுவி முடித்ததும் டீசலோ கழிவு ஆயிலோ அடிக்கச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது ரப்பர் புஷ்களை உப்ப வைத்துக் கெடுக்கும். புழுதியை ஒட்ட வைக்கும். உங்கள் தோட்டத்து ஓடையிலும் போய்ச் சேரும். அதற்குப் பதிலாகத் தகட்டின் உட்புறத்தில் வழுவழுப்பான எனாமல் பெயின்ட் அடித்தால் சேறு எளிதில் விடும்.

மழை ஓய்ந்து புல் காயும் மாதங்களில், சைலன்சர் குழாயும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் செல்லும் பக்கத்தை வாரம் ஒரு முறை குனிந்து பாருங்கள். துளை வழியாக உள்ளே செருகிக்கொண்ட காய்ந்த புல் அந்தச் சூட்டில் தீப்பற்றக்கூடும். வண்டி குளிர்ந்த பிறகு கையால் பிடுங்கி எடுத்துவிடுங்கள்.