வண்டிச் சூட்டில் ரத்தம் குறையாது

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. செங்கோட்டையிலிருந்து புனலூர், கொல்லத்துக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். ஏழெட்டு மாதமாக மலத்தோடு ரத்தம் போகிறது. போய்விட்டு வந்தும் பாக்கி இருக்கிற மாதிரியே இருக்கிறதாம். வண்டிச் சூட்டில் வந்த மூலம் என்று லேகியம் சாப்பிடுகிறார். ரத்த தான முகாமில் ஹீமோகுளோபின் 8.4 என்று திருப்பி அனுப்பியதால் இரும்புச்சத்து மாத்திரையும் வாங்கிப் போடுகிறார். தை மாதம் மகள் கல்யாணம். அதுவரை மூலம் அடங்க என்ன சாப்பாடு கொடுக்கலாம்?
- வாசகி, செங்கோட்டை

பதில்: சாப்பாட்டுக் குறிப்பு தரமாட்டேன், அம்மா. ஒரே வரியில் தாண்டிப் போன அந்த 8.4-ஐப் பேசுவோம்.

ஆண்களுக்கு 13-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை. பெண் என்றால் மாதவிடாயைக் காரணம் சொல்லலாம். 52 வயது ஆணுக்கு அப்படி எந்த வழியும் இல்லை. இரும்புச்சத்து குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கசிவு எங்கே என்று பார்க்காமல் மாத்திரை போடுவது பெரிய தப்பு. அந்த மாத்திரை மலத்தைக் கருப்பாக்கும். உள்ளே கசிகிற ரத்தமும் மலத்தைக் கருப்பாக்கலாம். எது எதனால் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மூல ரத்தம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பில், மலம் போன பிறகு சொட்டும். மலத்தோடு கலந்தோ சளியோடோ வந்தால், மலம் ஒல்லியானால், பாக்கி இருப்பதுபோல் முக்கத் தோன்றினால், மலக்குடலில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலப்பக்கக் குடலில் கட்டி இருந்தால் இது எதுவும் தெரியாமலே ஆள் வெளுத்துக்கொண்டு போவார். மூலம் இருப்பதால் கட்டி இல்லை என்று ஆகாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். இத்தனை மாதத்தில் ஒருவராவது கையுறை மாட்டி விரலை விட்டுப் பார்த்தார்களா? ஒரு நிமிட வேலை. மலக்குடல் கட்டிகள் பலவும் விரலுக்கே தட்டுப்படும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கோ இந்த வாரமே கூட்டிப் போங்கள். "மூலம்" என்று சொல்லாதீர்கள், "எட்டு மாதமாக ரத்தம் போகிறது, ஹீமோகுளோபின் 8.4" என்று சொல்லிக் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) கேளுங்கள். தேதி கிடைத்ததும் டாக்டரிடம் சொல்லி, ஒரு வாரம் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டும்; இல்லாவிட்டால் கருப்பு மலம் ஒட்டிக்கொண்டு குடல் தெரியாது. சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள். பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் கீரை, தக்காளி, கொய்யா வேண்டாம். இட்லி, வெள்ளைச் சோறு, மோர் போதும். பேதிப் பவுடரைப் பெரும்பாலும் 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, முந்தின நாள் சாயங்காலம் பாதி, மறுநாள் விடியற்காலை பாதி குடிக்கச் சொல்வார்கள். குமட்டுகிறது என்று பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். பிறகு எல்லாம் முதலிலிருந்து. மஞ்சள் தண்ணீராகத் தெளிந்து போனால்தான் சுத்தம். மயக்க ஊசி போட்டால் அன்றைக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

கல்யாணம் முடியட்டும் என்கிறீர்கள். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தானே? தகப்பன் வெளுத்துப்போய் மேடையில் நிற்பதை மறைப்பதில் என்ன கௌரவம்? கட்டி புற்றுநோயாகவே இருந்தாலும், குடலோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். ஈரலுக்குப் பரவிவிட்டால் அந்தக் கணக்கு தலைகீழ். கணவர் சொல்கிறார் என்று சும்மா இருப்பது மனைவி கடமை இல்லை. அவர் வரமாட்டார் என்றால் லாரி சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் பரிசோதனை, எந்தத் தொந்தரவும் இல்லாத 45 வயது தாண்டியவர்களுக்கு, வருடத்துக்கு ஒருமுறை. நீங்கள் செய்துகொள்ளுங்கள், அவருக்கு அது போதாது. அவருக்குப் புற்றுநோய்தான் என்று வந்தால், கூடப்பிறந்தவர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள்: 40 தாண்டியவர்கள் இப்போதே கொலோனோஸ்கோபி பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கும் 40-லேயே தொடங்க வேண்டும்.